பிரிபிரி அண்ணனும் மேனேஜரும் நடந்த கடற்கரை

கிள்ளான் வட்டாரத்தில் ஆடு வளர்த்து வீடு கட்டியவர்கள் இருக்கிறார்கள். ஆடு வளர்த்து மகளைக் கட்டிக்கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். கொட்டகை நிறைய ஆடு வளர்த்துவிட்டு, தீபாவளிக்குப் பேரங்காடியில் வரிசையில் நின்று ஆஸ்திரேலிய ஆட்டிறைச்சி வாங்கிய மனிதர் எனக்குத் தெரிந்து பிரிபிரி அண்ணன் ஒருவர்தான்.

ஐசியில், அதாவது அடையாள அட்டையில், அவருக்கு நல்ல சாமி பெயர் ஒன்று இருப்பதாகக் கேள்வி. தபால்காரரே அதை நம்பவில்லை. மலாயில் செம்மறி ஆட்டைப் பிரிபிரி என்பார்கள். பண்டமாரானில் எங்கள் வரிசை வீடுகளில் சீனக் கடைக்காரர், ரொட்டிக்காரர், நகராண்மை அதிகாரி என்று எல்லோருக்கும் அவர் பிரிபிரிதான். மனைவி மட்டும் 'என்னங்க' என்பார். அப்படிக் கூப்பிட்டால் அவரோடு சேர்ந்து ஆடுகளும் திரும்பிப் பார்க்கும்.

நான் அப்போது துறைமுகத்தில் ஒரு சரக்குக் கம்பெனியில் குமாஸ்தா. கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் வீட்டுக்கு அடுத்த வீட்டில் பின்னறை வாடகைக்கு எடுத்திருந்தேன். என் ஜன்னலைத் திறந்தால் பெரிய சாக்கடை, அதற்கு அப்பால் உயர்மின் கம்பிகள் போகும் நீளமான புல்தரை, அதில் அண்ணனின் ஆடுகள். வாடகை குறைவாக இருந்ததன் காரணம் முதல் நாளே மூக்குக்குத் தெரிந்துவிட்டது.

அண்ணன் கண்டெய்னர் லோரி ஓட்டுநர். துறைமுகத்திலிருந்து ஜொகூர், பினாங்கு என்று நாட்டையே இழுத்துக்கொண்டு போய்த் திரும்புவார். ஆடு மேய்ப்பதற்கென்று தனியாக ஒரு பாஷை அவர் கற்றுக்கொள்ளவில்லை. லோரி பாஷையே போதும் என்று விட்டுவிட்டார். 'ஜாலான்' என்றால் மந்தை நடக்கும். 'பார்க்கிங்' என்றால் கொட்டகைக்குள் போய் வரிசையாக நிற்கும். நம்மூரில் வண்டியைப் பின்னால் எடுப்பதை 'கோஸ்தான்' என்போம் அல்லவா, அதைச் சொன்னால் ஆடுகள் திரும்பாமல் பின்பக்கமாகவே நடந்து வரும். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நானும் முதல் தடவை பார்த்தபோது காப்பியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

விற்பது என்ற பேச்சுக்கே அவரிடம் இடமில்லை. ஆனால் வாங்க வருபவர்களை விரட்டவும் மாட்டார். உட்காரவைத்து விசாரிப்பார். ஒரு முறை பந்திங்கிலிருந்து ஒருவர் வந்தார்.

"யாருக்கு ஆடு?" என்றார் அண்ணன்.

"தீபாவளிக்கு அண்ணே."

"அது தெரியுது. யாரு சாப்பிடப் போறது?"

"வீட்டுல எல்லாரும்தான்."

"மாமியார் இருக்காங்களா?"

"இருக்காங்க அண்ணே."

"அப்ப இவன் வேணாம் லா. ரோசக்காரன். வயித்துக்குள்ள போயும் சண்டை போடுவான். அந்தக் கறுப்பு இருக்கா பாரு, அது பாவம், அதுக்கு ஏற்கெனவே மனசு சரியில்ல."

வந்தவர் கடைசியில் ஒரு தேநீர் குடித்துவிட்டுக் கறுப்பு ஆட்டின் மனசு சரியாகட்டும் என்று வாழ்த்திவிட்டுப் போனார். அண்ணன் சைவம் என்று நினைத்துவிடாதீர்கள். ஆட்டுப் பிரட்டல் என்றால் கையை முழங்கை வரை நக்குகிற ரகம். அப்படியானால் ஏன் இந்தக் கூத்து என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"ஆஸ்திரேலியா ஆடு யாருன்னே நமக்குத் தெரியாது தம்பி. பேசிப் பழகினதில்ல. மொகம் தெரியாதவனைச் சாப்பிட்டா என்ன தப்பு?" என்றார்.

முகம் தெரிந்தவர்களில் முதன்மையானவன் மேனேஜர். பந்திங் பக்கம் ஒரு பண்ணையிலிருந்து குட்டியாக வந்து, அண்ணன் கையால் புட்டிப்பால் குடித்து வளர்ந்த பெரிய செம்மறிக் கிடா. சுருண்ட கொம்பு. நம்மூர் வெயிலில் தடித்த கம்பளியைப் போர்த்திக்கொண்டு அலைகிற ஒரே ஜீவன். மற்ற ஆடுகள் மேயும்போது இவன் மேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருப்பான். அவை கண்டுபிடித்த நல்ல புல்லைப் பிறகு வந்து சாப்பிடுவான். பெயர்க் காரணத்தை நான் கேட்கவே இல்லை. எங்கள் அலுவலகத்திலும் ஒருவர் அப்படி இருந்தார்.

மேனேஜரை அண்ணன் எங்கேயும் கூட்டிப் போவார். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கல்யாணம். மேனேஜருக்குச் சளி, வீட்டில் விட்டால் பார்க்க ஆளில்லை என்று வேனில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். தாலி கட்டி முடித்து எல்லோரும் வெளியே வந்தால், மண்டப வாசலில் கட்டியிருந்த இரண்டு வாழை மரங்களில் ஒன்று இடுப்பளவுதான் இருக்கிறது. மேனேஜர் அதை முடித்துவிட்டு மாவிலைத் தோரணத்துக்கு வந்திருந்தான். பெண்ணின் அப்பா மிச்ச மரத்தைக் காட்டி, "இது என்ன அண்ணே?" என்றார். பிரிபிரி அண்ணன் நிதானமாகச் சொன்னார்: "பந்தியில வந்து உக்காரலையே. வெளியிலதானே சாப்பிட்டான்."

இப்படி எல்லாம் சீராகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் துறைமுகச் சாலையில், நல்ல மழையில், அண்ணனின் லோரி சாய்ந்தது.

தலையில் அடி, இடது காலில் எலும்பு முறிவு. அண்ணன் நினைவில்லாமல் படுத்துக்கிடந்தார். மல்லிகா அக்கா, அவர் மனைவி, ஆஸ்பத்திரி வராந்தாவில் செருப்பில்லாமல் நின்றுகொண்டிருந்தார். செருப்பு எங்கே போயிற்று என்று அவருக்கே தெரியவில்லை. நான் பக்கத்தில்தான் இருந்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டு அக்கா வாய்விட்டே சொன்னார்: "முனியாண்டி, இந்த மனுசனை எழுப்பி வீட்டுக்கு அனுப்பு. கொட்டகையில இருக்கிறதுலயே பெரிய கிடாவை ஒனக்குத் தர்றேன்."

கொட்டகையில் இருக்கிறதிலேயே பெரிய கிடா எது என்று அந்த நேரத்தில் யார் யோசிப்பார்கள். அண்ணன் எழுந்தார். காலில் கட்டு அவிழ்த்த பிறகு வீட்டுக்கு வந்தார். நேர்த்திக்கடன் விவரம் அவருக்குச் சொல்லப்பட்டது. சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கும் கேட்டது.

"என்னைக் கேக்காம எப்படி நேர்ந்துக்கிட்ட?"

"நீங்க மயக்கத்துல இருந்தீங்க."

"மேனேஜர் மயக்கத்துல இல்லையே. அவனைக் கேட்டிருக்கலாம்ல?"

"சாமிகிட்டச் சொன்ன வார்த்தைங்க. இதுல விளையாடாதீங்க."

"வேற கிடா வாங்கித் தர்றேன்."

"பெரிய கிடான்னு சொல்லிட்டேன். நாளைக்கு ஒங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் யார்கிட்டப் போயி நிப்பேன்? மறுபடியும் அந்த வராந்தாவுல என்னால நிக்க முடியாது."

அக்காவுக்குப் புருஷன் வேண்டும். புருஷனுக்கு மேனேஜர் வேண்டும். இரண்டு பேர் சொல்வதும் நியாயமாகவே பட்டதால் நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டேன். பந்திங் போகும் வழியில், எண்ணெய்ப்பனைத் தோட்டத்து ஓரமாக இருக்கும் முனியாண்டி கோயிலில் படையலுக்கு நாள் குறித்தார்கள். பள்ளி விடுமுறை முடிந்த மறு ஞாயிறு. அன்றிலிருந்து அக்கா மேனேஜரின் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார். கோஸ் இலையைக்கூட வேறு பக்கம் திரும்பிக்கொண்டு போட்டார்.

அண்ணன் ஒரு வாரம் கொட்டகையிலேயே கிடந்தார். டாக்டர் கொடுத்த கைத்தடியைக் கொட்டகைக் கூரைக்கு முட்டுக் கொடுத்துவிட்டு நொண்டி நொண்டி நடந்தார். பிறகு ஒரு மாலை என் அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

"தம்பி, ஒனக்குச் சின்ன லோரி ஓட்ட லைசென்ஸ் இருக்குல்ல?"

"இருக்கு அண்ணே. ஏன்?"

"ஃபேமிலியோட கடற்கரையில நடக்கப் போறோம். முதுகுல மூட்டை கட்டிக்கிட்டு. நீயும் வர்ற."

இது புது யோசனை இல்லையாம். பல வருடம் முன்னால் நாட்டின் கிழக்குக் கரைச் சாலையில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்துக்கு லோரியில் இடம் கொடுத்தாராம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், ஆளுக்கொரு முதுகு மூட்டை. "வீட்டையே முதுகுல வெச்சிருந்தாங்க லா. ஹவுஸ் லோன் இல்ல, கேட் இல்ல, பக்கத்து வீட்டுக்காரன் இல்ல" என்றார் என்னைப் பார்த்துக்கொண்டே. அன்றிலிருந்து தானும் ஒருநாள் அப்படி நடக்க வேண்டும் என்று ஆசை. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் முதலில் ஞாபகம் வந்தது அதுதானாம்.

இதைக் கேட்டதும் அக்கா இளகிவிட்டார். மகள் பிரியா, பள்ளியில் படிவம் ஐந்து படிக்கிற பெண், கைப்பேசியில் சார்ஜ் போட வழி உண்டா என்று மட்டும் கேட்டாள். சிக்கல் ஒன்றே ஒன்றுதான் வந்தது.

"மேனேஜர் எதுக்கு?" என்றார் அக்கா.

"படையல் வரைக்கும்தானே இருக்கப் போறான். ஒருதடவை கடலைப் பாத்துட்டுப் போகட்டுமே."

அப்படிச் சொன்ன பிறகு எந்த மனுஷி மறுப்பாள்? மற்ற ஆடுகளைச் சீனக் கடைக்காரர் மகன் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. செலாயாங் மொத்தச் சந்தையில் காய்கறி ஏற்றும் நண்பரிடம் அண்ணன் லோரி இரவல் வாங்கினார். முன்னால் நான், அக்கா, பிரியா. பின்னால் கோஸ் வாசனைக்கு நடுவில் அண்ணனும் மேனேஜரும்.

எங்கள் முதுகு மூட்டைகளை அண்ணன்தான் கட்டினார். சாமான்களைக் கண்டெய்னரில் அடுக்குவது மாதிரி எடை பார்த்து, இடைவெளிக்கு அட்டை சொருகி, கயிறு இறுக்கி அடுக்கினார். கடைசியில் ஒவ்வொரு மூட்டையின் வாயிலும் கண்டெய்னர் கதவுக்குப் போடும் இரும்பு சீல் ஒன்றை மாட்டி அழுத்தினார். டக்கென்று சத்தம். அந்த சீலை வெட்டித்தான் எடுக்க முடியும். அவிழ்க்க முடியாது.

"திருட்டு பயம் இல்ல பாரு" என்றார்.

கிழக்குக் கரையில் கார்ச் சாலை முடிகிற ஒரு மீனவக் கிராமத்தில், எங்கள் பேச்சில் கம்பத்தில், லோரியை நிறுத்திவிட்டு நடக்க ஆரம்பித்தோம். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் சவுக்கு மரங்கள், நடுவில் ஆளே இல்லாத மணல். அழகாகத்தான் இருந்தது. எனக்கு அழகு ஒரு மணி நேரத்துக்குப் போதும். பிறகு நாற்காலி வேண்டும். அண்ணனோ பகல் முழுக்க நடக்கவைத்தார். மாலையில் பசியோடு மணலில் உட்கார்ந்து மூட்டைகளை இறக்கினோம். அப்போதுதான் அக்கா கேட்டார்.

"சீல் வெட்டுற கட்டர் எங்கங்க?"

அண்ணன் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். கண்ணுக்கெட்டிய தூரம் மணல். "லோரியில" என்றார்.

அரிசி, பருப்பு, கூடாரம், மாற்றுத்துணி எல்லாம் கண்ணெதிரே பூட்டிக்கிடந்தன. சுங்கத்துறைக்காரன்கூடத் திறக்க முடியாத பூட்டு. பிரியா தன் மூட்டையின் மேல் தலையைச் சாய்த்துப் படுத்துக்கொண்டாள். "அப்பா, இந்தப் பயணத்துல யாரு மேனேஜர்னு இப்ப தெரியுது. அவன் மூட்டையே கொண்டு வரல" என்றாள். மேனேஜர் அடப்பங்கொடியைக் கடித்துக்கொண்டிருந்தான்.

நல்லவேளை, வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு மலாய்க்காரப் பெரியவர் எங்களைப் பார்த்து வந்தார். மூட்டைகளைச் சுற்றி உட்கார்ந்து பட்டினி கிடக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தையும் அவர்களுடைய கிடாவையும் வெகுநேரம் பார்த்தார்.

"கோர்பானுக்கா?" என்று மேனேஜரைக் காட்டி மலாயில் கேட்டார். ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பலி கொடுக்கவா என்று அர்த்தம்.

"புக்கான், பாக்சிக்" என்று அவசரமாக மறுத்தார் அண்ணன். "ஃபேமிலி."

அக்கா கடலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். பெரியவர் தன் பாராங் கத்தியை எடுத்துவந்தார். இரும்பு சீல் அசையவில்லை. மூட்டைகளின் வாயையே அறுத்துக் கொடுத்தார். மிச்சப் பயணம் முழுக்க எங்கள் முதுகிலிருந்து வெங்காயம் உதிர்ந்துகொண்டே வந்தது. அக்காவின் மூட்டையிலிருந்து ஒரு மின்சார ரைஸ் குக்கரும் வெளிவந்தது. அடுப்பு மூட்டி அதன் பாத்திரத்தில்தான் கடைசி வரை சோறு வடித்தோம்.

வழியில் இருந்த கம்பங்களில் ஆடுகள் அவிழ்த்துவிட்டபடி திரியும். மேனேஜரைப் போல ஆசாமியை அவை கண்டதில்லை போலிருக்கிறது. ஒருநாள் காலையில் கூடாரத்தை விலக்கினால் சுற்றிலும் பெண் ஆடுகள். துரத்தினால் போகவில்லை. எங்கள் பின்னாலேயே அடுத்த கம்பம் வரை வந்தன. எந்த ஊரிலும் எங்களை ஆடு திருட வந்த கூட்டம் என்று அடிக்காமல் விட்டது, அண்ணன் "கோஸ்தான்" என்றதும் மேனேஜர் மட்டும் பின்னால் வந்து நின்றதைப் பார்த்த ஆச்சரியத்தில்தான் என்று நினைக்கிறேன்.

இதற்கிடையில் ஒரு விஷயம் என் கண்ணில் உறுத்தியது. அண்ணன் மேனேஜரைத் தண்ணீரை விட்டு வெளியே எடுப்பதே இல்லை. ஆற்றுமுகம் வந்தால் நாங்கள் சம்பான் படகில் போவோம், அவன் நீந்தி வருவான். மழை பெய்தால் நாங்கள் கூடாரத்தில், அவன் வெளியே. மாலையில் அண்ணன் சோற்றுப் பாத்திரத்தில் கடல் தண்ணீர் மொண்டு அவன் தலையில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவார். முதல் நாள் மேனேஜர் உடம்பைச் சிலுப்பிய சிலுப்பில் நாங்கள் எல்லோரும் குளித்தோம். இரண்டாம் நாள் லேசாகச் சிலுப்பினான். போகப்போகத் தலையில் கடலே இறங்கினாலும் கண்ணை மட்டும் சிமிட்டிவிட்டு நின்றான். அவன் நின்ற ஒவ்வொரு தடவையும் அண்ணன் ஒரு பிஸ்கட் கொடுத்தார்.

"என்ன அண்ணே இது? சுத்தமாத்தானே இருக்கான்" என்றேன்.

அண்ணன் அக்கா தூரத்தில் இருப்பதை உறுதி செய்துகொண்டு குரலைத் தாழ்த்தினார். "தம்பி, படையல் அன்னிக்குக் கிடா தலையில என்ன ஊத்துவாங்க?"

"மஞ்சத்தண்ணி."

"ஊத்துனா?"

"ஒடம்பைச் சிலுப்பும். சிலுப்புனாதான் சாமி உத்தரவு. அப்புறம்தான் வெட்டுவாங்க."

"சிலுப்பலன்னா?"

எனக்குப் புரிந்துவிட்டது. காட்டுக் கடற்கரையில் ஒரு குடும்பத்தை வெங்காயம் உதிர நடத்திக்கொண்டு போவது வெள்ளைக்காரன் மாதிரி வாழ்ந்து பார்க்க அல்ல. இது மேனேஜருக்குப் பயிற்சி முகாம்.

"அக்காவுக்குத் தெரிஞ்சா?"

"தெரியாது. நான் சாமியை ஏமாத்தல தம்பி. சாமி நெனச்சா இவனை நடனமே ஆட வைக்கும். நான் சும்மா ரெண்டு பேருக்கும் யோசிக்க டைம் குடுக்கிறேன்" என்றார். சொல்லிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அந்த மனிதர் பயந்துபோய்த்தான் இருந்தார்.

அக்காவுக்கு இதெல்லாம் தெரியாது என்றுதான் நானும் நினைத்தேன். அவர் கடல் காற்றுக்குப் பயந்து, தேங்காயெண்ணெயில் தோய்த்த பஞ்சை இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டு, எல்லோருக்கும் பின்னால் நடந்து வந்தார். "காத்து ஜாஸ்தியா இருக்கு. சளி புடிச்சிடும்" என்று எனக்கும் பிரியாவுக்கும் பஞ்சு கொடுத்தார். வாங்கி அடைத்துக்கொள்ளாவிட்டால் விடமாட்டார். கடைசி நாட்களில் நாங்கள் எல்லோருமே சைகையில்தான் பேசினோம்.

மூன்று நான்கு நாள் நடந்ததும் அண்ணனின் கால் வீங்கிவிட்டது. மணலில் உட்கார்ந்தால் எழ முடியாது. கை கொடுத்தால் வாங்க மாட்டார். "கோஸ்தான்" என்பார். மேனேஜர் பின்பக்கமாக நடந்து வந்து அவர் பக்கத்தில் நிற்பான். அவன் முதுகில் கையை ஊன்றி எழுந்திருப்பார். எழுந்த பிறகும் கையை எடுக்க மாட்டார். அவர் நொண்டினால் அவனும் நிதானிப்பான். இப்படியே இரண்டு பேரும் அலை ஓரமாக எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள்.

அன்று அக்கா காதிலிருந்து பஞ்சை எடுத்துவிட்டு என்னிடம் வந்தார். "ஆஸ்பத்திரியில தடி குடுத்தாங்க தம்பி. வேணாம்னுட்டாரு. நான் தோளைக் குடுத்தேன். அதுவும் வேணாம்னுட்டாரு" என்றார். முன்னால் போகும் இருவரையும் பார்த்துக்கொண்டே வெகுதூரம் நடந்தார். சாயங்காலம் மேனேஜருக்கு அவர் கையாலேயே பிஸ்கட் கொடுத்ததை நான் பார்த்தேன். முகத்தைப் பார்த்துத்தான் கொடுத்தார்.

படையல் ஞாயிறு வந்தது. கோயிலில் நல்ல கூட்டம். வேறு சில குடும்பங்களும் பொங்கல் வைத்திருந்தார்கள். குழந்தைகளுக்கு மொட்டை அடிக்க நாவிதர் ஒருவர் வாளியும் கத்தியுமாக உட்கார்ந்திருந்தார். காலையிலேயே அக்கா மேனேஜரைத் தனியாகக் குளிப்பாட்டி, கொம்பில் மஞ்சள் தடவி, காது மறைய மாலை போட்டுக் கூட்டி வந்திருந்தார். கயிற்றையும் தானே பிடித்துக்கொண்டார். பிரியா அழுது முகம் வீங்கி எங்களை ஏற்றி வந்த காய்கறி லோரியிலேயே இருந்துவிட்டாள். அண்ணன் எனக்குப் பக்கத்தில் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றார். எதற்காகக் கும்பிடுகிறார் என்று எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

பூசாரி மஞ்சள் தண்ணீரை மேனேஜரின் தலையில் ஊற்றினார். மேனேஜர் கண்ணைச் சிமிட்டினான். இன்னொரு செம்பு ஊற்றினார். மேனேஜர் அண்ணனின் சட்டைப்பையைப் பார்த்தான். பிஸ்கட் வர வேண்டிய நேரம் என்று அவனுக்குத் தெரியும். அண்ணன் கண்ணை இன்னும் இறுக்கி மூடினார்.

ஒரு குடமே ஊற்றியாயிற்று. கூட்டம் முணுமுணுக்க ஆரம்பித்தது. உறுமிக்காரருக்குக் கை வலித்தது. பூசாரி மறுபடி சூடம் ஏற்றி, "குடும்பத்துல ஏதாச்சும் குறை இருக்கா?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொரு குறை சொன்னார்கள். எல்லாம் அவரவர் குடும்பத்துக் குறை.

கடைசியில் பூசாரி தன் கைவசம் இருந்த ஒரே வழியை எடுத்தார். மாலையைக் கொஞ்சம் தூக்கி, மேனேஜரின் காதிலேயே தண்ணீரை விட்டார். இது கடற்கரைப் பாடத்திட்டத்தில் இல்லாத கேள்வி. காதில் தண்ணீர் போனால் யானையும் தலையை உதறும். அண்ணன் கண்ணைத் திறந்துவிட்டார். என் கையை அவர் பிடித்த பிடியில் விரல் நெரிந்தது.

மேனேஜர் அசையவில்லை. பூசாரி அடுத்த காதிலும் விட்டார். அவன் ஒரு ஏப்பம் விட்டான். அவ்வளவுதான்.

பூசாரி செம்பைக் கீழே வைத்தார். "சாமிக்கு இவன் வேணாம்மா" என்றார் அக்காவிடம்.

"அப்ப என் நேர்த்தி?" என்றார் அக்கா. அந்தக் கேள்வி மட்டும் நிஜமான பயத்தோடு வந்தது.

பூசாரி மேனேஜரின் கம்பளியைத் தடவிப் பார்த்து யோசித்தார். "உயிரு வேணாம்னு சொல்லிடுச்சு. முடியைக் குடுத்துடு. மனுசன் குடுக்கலையா, அது மாதிரிதான். கணக்குத் தீந்துடும்."

நாவிதர் எழுந்து நின்றுவிட்டார். "அண்ணே, நான் புள்ளைங்களுக்கு அடிக்கிறவன். இது எங்க ஆரம்பிக்கும், எங்க முடியும்னே தெரியல." அண்ணன் உடனே சட்டையைக் கழற்றிவிட்டு மேனேஜரின் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "மொதல்ல எனக்கு அடி. அவன் பாத்துக் கத்துக்குவான்" என்றார். அவர் தலை முடிந்தது. பிறகு மேனேஜரின் முறை. கழுத்து வரை வந்த நாவிதர் நிறுத்திவிட்டார்.

"அண்ணே, இவன் காதுல என்ன பஞ்சு?"

இரண்டு விரலால் இழுத்து வெளியே எடுத்துக் காட்டினார். தேங்காயெண்ணெயில் தோய்த்து, நன்றாக உருட்டி அடைத்த பஞ்சு. அடுத்த காதிலும் இருந்தது. அண்ணன் என்னைப் பார்த்தார். நான் வைக்கவில்லை என்று தலையாட்டினேன். நான் அவரைப் பார்த்தேன். அவர் வைக்கவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

அக்கா இலையில் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"கடல் காத்து ஜாஸ்தியா இருந்துச்சு. சளி புடிச்சிடும்னு வெச்சேன். எடுக்க மறந்துட்டேன்" என்றார்.

கடற்கரையிலிருந்து நாங்கள் திரும்பி ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அண்ணன் மொட்டைத் தலையோடு அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா எழுந்து வந்து சந்தனத்தைக் குழைத்து முதலில் அவர் தலையில் பூசினார். மிச்சத்தை மேனேஜரின் தலையில் பூசினார். பிறகு சந்நிதிப் பக்கம் திரும்பி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, வெகுநேரம் எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். சாமியிடம் சமாதானம் பேசியிருப்பார். பேச்சுவார்த்தை நல்லபடியாக முடிந்திருக்க வேண்டும். அண்ணனுக்கு இதுவரை ஒரு காய்ச்சல்கூட வரவில்லை.

நான் பிறகு கல்யாணம் ஆகிக் கோலாலம்பூர் பக்கம் குடிவந்துவிட்டேன். பதினெட்டாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் ஒரு வாசனையும் வராது. போன தீபாவளிக்குப் பண்டமாரான் போனேன். அண்ணனுக்கு முடி நரைத்துவிட்டது, மேனேஜருக்குக் கொம்பு தேய்ந்துவிட்டது. கம்பிகளுக்குக் கீழே புல்லில் உட்கார்ந்து ஆஸ்திரேலிய ஆட்டுப் பிரட்டல் சாப்பிட்டோம். கிளம்பும்போது என்னால் எழ முடியவில்லை. எனக்கும் இப்போது முழங்கால் சரியில்லை. யாரும் பார்ப்பதற்குள் எழுந்துவிடலாம் என்று இரண்டு முறை முயன்றேன்.

"கோஸ்தான்" என்றார் அண்ணன்.

மேனேஜர் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தாமல், பின்பக்கமாகவே நடந்து வந்து என் பக்கத்தில் நின்றான். அவன் முதுகில் கையை ஊன்றி எழுந்தேன். கம்பளி நன்றாக வளர்ந்திருந்தது.

"தேங்க்ஸ் சொல்லு லா தம்பி" என்றார் அண்ணன்.

இரண்டு பேருக்கும் சொன்னேன்.